குடும்பக் குழு: பழைய பிக்கப்புக்குப் புது இன்ஜின்

அண்ணன்: 📷 படம்
பழைய 350 இன்ஜின் வெளியே வந்துவிட்டது. நம்ம 72ஆம் வருட செவ்ரோலே சி10 பிக்கப்பின் மூக்கு காலியாக நிற்கிறது. அடுத்து 5.3 லிட்டர் இன்ஜின் உள்ளே போகும்.

அம்மா: கையில் என்ன கட்டு?

அண்ணன்: சின்னக் கீறல்தான் அம்மா.

மாமா: நல்லா ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை ஏண்டா இறக்கினாய்?

அண்ணன்: ஓடியது மாமா, ஆனால் எண்ணெயையும் சேர்த்துக் குடித்தது. புதுசு ஜிஎம் கம்பெனியின் எல்எஸ் வகை இன்ஜின். 1997இல் கார்வெட்டில் வந்தது, 1999 முதல் லாரிகளில் 4.8, 5.3, 6.0 என்று போட்டார்கள். முன்னால் இடிபட்ட வண்டி ஒன்றிலிருந்து கியர்பாக்ஸ், ஒயரிங், கம்ப்யூட்டர், ஆக்சிலேட்டர் பெடல் எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்தேன்.

அக்கா: மொத்தமாக எடுத்தது நல்லது. இன்ஜினின் கிராங்க், அதாவது பிஸ்டன்கள் சுற்றும் தண்டு, எங்கே நிற்கிறது என்று காட்ட ஒரு சென்சார் சக்கரம் உண்டு. முதலில் வந்த எல்எஸ்களில் அது சுற்றுக்கு 24 சிக்னல், பின்னால் வந்தவற்றில் 58. கம்ப்யூட்டர் ஒரு வகை, இன்ஜின் வேறு வகை என்றால் கிராங்க் எங்கே நிற்கிறது என்றே அதற்குத் தெரியாது. ஸ்பார்க் வராது.

மாமா: கம்ப்யூட்டரே வேண்டாம். பெட்ரோலைக் கலக்க ஒரு கார்புரேட்டர், ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்க ஒரு டிஸ்ட்ரிபியூட்டர். முடிந்தது.

அண்ணன்: இதில் டிஸ்ட்ரிபியூட்டருக்கு இடமே இல்லை மாமா. சிலிண்டருக்கு ஒரு காயில், ஸ்பார்க்குக்குக் கரண்ட் கொடுப்பது அதுதான். கார்புரேட்டர் வைத்தாலும் ஸ்பார்க்குக்குத் தனியாக ஒரு பெட்டி வாங்க வேண்டும். அதற்கு இருக்கிற கம்ப்யூட்டரையே வைத்துக்கொள்ளலாம்.

மாமா: இரு இரு. டிஸ்ட்ரிபியூட்டர் இல்லையென்றால் ஆயில் பம்ப் எதில் சுற்றும்?

அண்ணன்: கிராங்கின் முன்பக்கத்திலேயே பம்ப் உட்கார்ந்திருக்கிறது.

மாமா: அப்போ முதல் ஸ்டார்ட்டுக்கு முன்னால் டிரில் மெஷினை விட்டு எண்ணெய் ஏற்றுவோமே, அது?

அண்ணன்: அந்த வழி இதில் கிடையாது. பிளக்குகளைக் கழற்றி, பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், காயில் மூன்றுக்கும் கரண்டைத் துண்டித்துவிட்டு ஸ்டார்ட்டரால் சுற்ற வேண்டும். ஆயில் பிரஷர் மீட்டர் ஏறிய பிறகுதான் பிளக்கை மாட்டுவேன்.

மாமா: ம். சரி.

நான்: மாமா சரி என்று சொல்லிவிட்டார். எல்லோரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள் 😂

மாமா: ஆயில் பம்புக்கு மட்டும்தான் சரி சொன்னேன். அடியில் எண்ணெய் நிற்கும் அந்த லாரி ஆயில் பான் ஆழமாக இருக்கும் போலிருக்கிறதே. குறுக்குச் சட்டத்துக்குக் கீழே தொங்கி ரோட்டில் இடிக்கப் போகிறது.

அண்ணன்: அதனால்தான் குட்டையான பான் வாங்கினேன். கழற்றும்போதே எண்ணெய் உறிஞ்சும் குழாயின் ஓ ரிங் ரப்பர் வளையத்தையும் மாற்றிவிடுவேன். அது கெட்டிப்பட்டால் பம்ப் எண்ணெய்க்குப் பதில் காற்றை இழுக்கும்.

அத்தை: எனக்கு ஒரு சந்தேகம். அந்த வண்டியில் சீட்டுக்குப் பின்னால் பெட்ரோல் வாடை வருமே, அது ஏன்?

அண்ணன்: டேங்கே அங்கேதான் இருக்கிறது அத்தை. 67 முதல் 72 வரை சி10 எல்லாவற்றிலும் கேபினுக்குள்ளே, சீட்டுக்குப் பின்னால்.

அத்தை: முதுகுக்குப் பின்னால் பெட்ரோலை வைத்துக்கொண்டா என்னைக் கல்யாணத்துக்குக் கூட்டிப்போனாய்???

மாமா: அந்தக் காலத்தில் அப்படித்தான்.

அக்கா: அத்தை கேட்டது சரியான கேள்வி. பழைய இன்ஜினுக்குப் பெட்ரோல் அழுத்தம் 5, 6 பிஎஸ்ஐ இருந்தால் போதும், இன்ஜினின் கேம் தண்டு தள்ளும் சின்ன பம்ப் கொடுத்துவிடும். இதற்கு 58 பிஎஸ்ஐ. பழைய ரப்பர் ஹோஸை கிளாம்ப் போட்டு இறுக்கி விட்டுவிடாதே தம்பி. கசிந்தால் சொட்டாது, பீய்ச்சும். அதுவும் கேபினுக்குள்.

அண்ணன்: கேபின் டேங்கை எடுத்துவிடுகிறேன் அக்கா. பின்பக்கம், சேஸின் இரண்டு சட்டத்துக்கும் நடுவில் புது டேங்க், உள்ளேயே எலக்ட்ரிக் பம்ப். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரோடு சேர்ந்து வரும் கார்வெட் பில்டர் இருக்கிறது, அது 58இல் நிறுத்தி மீதியை டேங்குக்கே திருப்பி அனுப்பும்.

அக்கா: பம்பை நேராக சாவியில் கொடுக்காதே. கம்ப்யூட்டர் இயக்கும் ரிலே சுவிட்ச் வழியாகவே போகட்டும். சாவி போட்டதும் இரண்டு நொடி ஓட்டும், இன்ஜின் சுற்றவில்லை என்றால் தானே நிறுத்திவிடும். எங்காவது மோதி இன்ஜின் நின்றால் பெட்ரோலும் நிற்க வேண்டும்.

அத்தை: இவள் சொல்வதைக் கேள்.

அண்ணன்: கேட்கிறேன் அத்தை. அக்கா, கம்ப்யூட்டருக்குச் சாவி கரண்ட்டைப் பழைய காயிலுக்குப் போகும் ஒயரிலிருந்து எடுக்கலாமா? பக்கத்திலேயே இருக்கிறது.

அக்கா: வேண்டவே வேண்டாம். அது பிளாட்டினம் பாயிண்ட் காலத்து ஒயர், பாயிண்ட் கருகாமல் இருக்க ரெசிஸ்டன்ஸ் ஒயராகவே போட்டிருப்பார்கள். முழு 12 வோல்ட் வராது. கம்ப்யூட்டர் பாதி மயக்கத்தில் வேலை செய்யும், நீ சென்சாரைக் குறை சொல்லிக்கொண்டிருப்பாய்.

அக்கா: இன்னொன்று. ரேடியோவுக்குப் போகிற இணைப்பிலிருந்தும் எடுக்காதே. ஸ்டார்ட்டர் சுற்றும்போது அது அணைந்துவிடும். சாவி ஆன் நிலையிலும் ஸ்டார்ட் நிலையிலும் கரண்ட் இருக்கிற ஒயரை மீட்டர் வைத்துத் தேடு.

அண்ணன்: 👍

அக்கா: தம்ஸ் அப் போதாது. எர்த்? இன்ஜினிலிருந்து சேஸுக்கு, சேஸிலிருந்து பாடிக்கு, பேட்டரியிலிருந்து இன்ஜினுக்கு. பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு மாட்டு.

நான்: சாவியில் சிப் இருக்குமே, திருட்டுத் தடுப்பு? பழைய வண்டியில் அது கிடையாதே.

அண்ணன்: கம்ப்யூட்டரில் அதை அணைத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஸ்டார்ட் ஆன மாதிரி ஆகி உடனே செத்துவிடும். ஆக்சிஜன் சென்சார்கள் மட்டும் இருக்கட்டும், அவை இல்லாமல் பெட்ரோல் கலவை சரியாக வராது.

மாமா: ரேடியேட்டர்?

அண்ணன்: புதிது. ஹெட்டின் மேலே இருக்கிற மெல்லிய ஆவிக் குழாயை ரேடியேட்டரின் மேல்பக்கம் கொண்டுபோய் விடுவேன். சிலர் அதை அடைத்துவிடுகிறார்கள். ஹெட்டில் காற்று தேங்கி ஓரிடத்தில் மட்டும் கொதிக்கும்.

அம்மா: இவ்வளவு வேகமாகப் போகிற இன்ஜினுக்குப் பிரேக் பிடிக்குமா?

அண்ணன்: 71இலிருந்தே முன்பக்கம் டிஸ்க்தான் அம்மா. பழைய ஹோஸ்களையும் மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றிவிடுகிறேன். பின்னால் டிரம்மே போதும்.

அம்மா: போதுமா என்று மாமா சொல்லட்டும்.

மாமா: ஷூவைக் கழற்றிக் காட்டட்டும், பிறகு சொல்கிறேன்.

அத்தை: கீழே கிடக்கிற அந்தப் பழைய இன்ஜினை என்ன செய்வதாக உத்தேசம்? பாதையை அடைத்துக்கொண்டு கிடக்கிறது.

மாமா: அதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அத்தை: எங்கே வைக்க?

மாமா: 🎤 குரல் செய்தி (0:04)

அத்தை: முடியாது.

அண்ணன்: மாமா, புது இன்ஜின் 200 கிலோவுக்கு மேல். கிரேனை நான் பிடித்துக்கொள்கிறேன், மவுண்ட் போல்ட்டை நீங்கள் போடுங்கள். சனிக்கிழமை வருகிறீர்களா?

மாமா: கையை அடியில் விடாமல் இருந்தால் வருகிறேன். சங்கிலியை நான்தான் கட்டுவேன்.

அக்கா: பேட்டரி மாட்டுவதற்கு முன்னால் பியூஸ் பெட்டியின் படத்தைக் குழுவில் போடு. நான் பார்க்காமல் சாவி போடக் கூடாது.