நைட் க்ரீமை நிறுத்தினா முகம் எரியுது, "இதுதான் என் நிஜ முகம்"னு அழுறா. எப்படி வெளிய கொண்டு வர்றது?

நெய்தல்:
தங்கச்சிக்கு 24 வயசு. ஒன்றரை வருஷமா ராத்திரியில வெள்ளையாக்குற க்ரீம் போடுறா. மூணு நாள் விட்டா கன்னம் சிவந்து எரியுது, பொடிப்பொடியா பரு வருது. திரும்பப் போட்டா அடங்குது. க்ரீம் இல்லாத முகத்தோட யார் முன்னாடி நிக்கிறதுன்னு வாசலுக்குக்கூட வர மாட்டேங்கிறா. அடுத்த மாசம் பெண் பார்க்க வர்றாங்க. தம்பியும் அதே ட்யூபை எடுத்துப் போட ஆரம்பிச்சிருக்கான். என்ன செய்யலாம்?

மருந்தாளுநர்_மதுரை:
அது அவங்க முகமே இல்ல சகோதரி, மருந்து விட்டதோட எதிர்வினை. இதை முதல்ல அவங்க காதுல போடுங்க.

ட்யூபைத் திருப்பி பொடி எழுத்தைப் படிங்க. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், இதுல எது இருந்தாலும் ஸ்டீராய்டுதான். மொமெட்டசோனோட ஹைட்ரோகுயினோனும் ட்ரெட்டினாயினும் சேர்ந்த களிம்பு, மங்குக்கு டாக்டர் சில வாரத்துக்கு மட்டும் எழுதுறது. அதை நிறத்துக்காக மாசக்கணக்குல பூசக் கூடாது. மருந்துச் சீட்டு இல்லாம தரக் கூடாதுதான், ஆனா தாராளமா கிடைக்குது.

ஸ்டீராய்டு ரத்தக் குழாயைச் சுருக்கும், அதனால தோல் வெளுத்துத் தெரியும். நாளாக நாளாக தோல் மெலிஞ்சு, கன்னத்துல சிவப்பு நூல் ஓடின மாதிரி ரத்தக் குழாய் தெரியும், பூனைமுடி வளரும். விட்டதும் சுருங்கின குழாயெல்லாம் விரியும். அதுதான் நீங்க பார்க்கிற சிவப்பு. மறுபடி பூசினா அடங்குறதால, க்ரீம்தான் காப்பாத்துதுன்னு மனசு நம்பிடுது.

தோல் டாக்டர்கிட்ட ட்யூபோட போங்க. எத்தனை மாசம், ஒரு நாளைக்கு எத்தனை தடவைன்னு எழுதிக்கிட்டுப் போங்க. சிலருக்கு வீரியம் குறைஞ்சதுக்கு மாத்தி, ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு இறக்குவாங்க. சிலருக்கு உடனே நிறுத்திட்டு, எரிச்சலுக்கும் பருவுக்கும் வேற மருந்து தருவாங்க. முகம் அமைதியாக வாரங்கள் ஆகலாம், மாசங்களும் ஆகலாம். அதுவரைக்கும் வாசனை இல்லாத மாய்ஸ்சரைசரும், எஸ்.பி.எஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீனும் போதும். ஆள்காட்டி விரல், நடுவிரல் ரெண்டு நீளத்துக்கும் பிதுக்கின அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேணும். எலுமிச்சை, சோடா உப்பு, ப்ளீச் பக்கமே போகாதீங்க. மெலிஞ்ச தோல் புண்ணாயிடும்.

கீழக்கரை_வாசகி:
ட்யூபா இல்லாம, தயாரிச்சவங்க முகவரி, உரிம எண், பேட்ச் எண் எதுவும் போடாத டப்பாவா இருந்தா பாதரசத்தைச் சந்தேகிக்கணும். "தங்கம், வெள்ளி நகையில படாம பார்த்துக்கோங்க"ன்னு அட்டையில இருந்தா நிச்சயமா வேண்டாம். பாதரசம் தங்கத்தோட ஒட்டி அதை வெளுக்க வைக்கும். கால் வீக்கம், நுரை நுரையா சிறுநீர் இருந்தா சிறுநீர்ல புரதமும் பாதரசமும் பார்க்கச் சொல்லுங்க. மலப்புரத்துல 2023-ல இப்படிப்பட்ட க்ரீம் போட்டவங்களுக்கு சிறுநீரக பாதிப்பு வந்தது செய்தியிலயே வந்துச்சு. தலையணை உறை, துண்டு மூலமா பாதரசம் வீட்டுல குழந்தைகளுக்கும் போகும்.

உளவியல்_ஆலோசகர்:
மருந்து பற்றி மேலே சொல்லிட்டாங்க. மனசுக்கு வர்றேன்.

வீட்டுல "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா"ன்னு பாராட்டா சொல்றதை இன்னைக்கே நிறுத்துங்க. அந்த "இருந்தாலும்"தான் குத்துது. பதிலுக்கு "நீ சிவப்புதான்"னு தேத்துறதும் அதே தராசுலதான் ஏத்துது. நிறத்தைப் பற்றிப் பேச்சே வேண்டாம்.

கண்ணாடியை மறைச்சு வைக்காதீங்க, மறைச்சா பயம் கூடும். ஒரு கை தூரத்துல நின்னு, நெத்தியிலிருந்து தோள் வரைக்கும் கண்ணுக்குத் தெரியிறதை மட்டும் சொல்லிப் பழகட்டும்: "கன்னத்துல சிவப்பு இருக்கு, புருவம் அடர்த்தியா இருக்கு." "அசிங்கமா இருக்கு"ங்கிறது தீர்ப்பு, அதை விடணும். பருவைத் தேடி முகத்தை ஒட்டிக் குனியிறது கூடாது. போன் கேமராவுல ப்யூட்டி மோடை அணைச்சிடுங்க. செல்ஃபியை நம்ப வேண்டாம்: ஒரு அடி தூரத்துல எடுத்தா, 5 அடியில எடுத்ததைவிட மூக்கு கிட்டத்தட்ட 30 சதவீதம் அகலமா விழும்.

பெண் பார்க்கிறதைத் தள்ளி வைங்க. எரியிற முகத்தோட உட்கார வச்சா, அன்னைக்கு ராத்திரியே மறுபடி ட்யூபை எடுப்பாங்க.

இந்த நினைப்பு தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடினா, தூக்கம், வேலை கெட்டா, மனநல மருத்துவரைப் பாருங்க. அந்த நிலைமையில எத்தனை ஃபேஷியல் செஞ்சாலும் மனசு ஆறாது. 14416, அரசோட மனநல உதவி எண் (டெலி மானஸ்). இலவசம், தமிழ்ல பேசலாம்.

நெய்தல்:
ட்யூபுல மொமெட்டசோன்னு இருக்கு. தம்பி போட ஆரம்பிச்சு மூணு வாரம்தான் ஆகுது. "ஆம்பளைக்கு ஒண்ணும் ஆகாது"ங்கிறான்.

மருந்தாளுநர்_மதுரை:
தோலுக்கு ஆண், பெண் தெரியாது. ஷேவ் பண்ற இடத்துல போட்டா எரிச்சல் இன்னும் கூடும். மூணு வாரம்தான்னா விடுறது பெரும்பாலும் சுலபம். அவரையும் கூட்டிக்கிட்டுப் போங்க.

உளவியல்_ஆலோசகர்:
தம்பியைக் கேலி மட்டும் செய்யாதீங்க. ஆண்களுக்குன்னு தனியா 'ஃபேர் அண்ட் ஹேண்ட்சம்' வந்ததே 2005-ல. அந்த அழுத்தத்துலதான் இவங்க தலைமுறை வளர்ந்திருக்கு. பொண்ணுங்க அழுதாவது சொல்வாங்க. பசங்க முடி, நிறம், உடம்பு எதுக்கு மருந்து போட்டாலும் ஒளிச்சு வைப்பாங்க. "யார் என்ன சொன்னாங்க?"ன்னு தனியா இருக்கும்போது ஒரு தடவை கேளுங்க. உடனே புத்தி சொல்லாம, அவர் பேசட்டும்.