ஸ்கீமா ரெஜிஸ்ட்ரி: எழுதும் உரிமை யாருக்கு?

குளக்கட்டான் (கிளிநொச்சி):
இரணைமடு, வவுனிக்குளம் மாதிரிக் குளங்களின் நீர்மட்டத் தரவைக் காஃப்கா என்ற செய்தி கடத்தும் மென்பொருள் வழியாக அனுப்புகிற சின்ன வேலை எங்களுடையது. தரவின் வடிவத்தை, அதாவது ஸ்கீமாவை, பதிந்து வைக்கும் ஸ்கீமா ரெஜிஸ்ட்ரியில் இப்போது எல்லாருக்கும் எல்லா உரிமையும் இருக்கிறது. தரவை அனுப்பும் புரொடியூசருக்கும் அதை எடுக்கும் கன்சூமருக்கும் வாசிப்பு மட்டும் போதும், புதிய ஸ்கீமாவைப் பதிவது சிஐ (கோட் மாற்றங்களைச் சோதித்து ஏற்றும் தானியங்கி) கணக்கு மட்டுமே என்கிறேன். புரொடியூசரில் புது ஸ்கீமாவைக் கேட்காமலே பதியும் ஆட்டோ ரெஜிஸ்டர் தானாகவே ட்ரூவில் இருக்கும், அதை நிறுத்த வேண்டும்.

ஏ9 வாசி (மாங்குளம்):
நாலு பேர் வேலை செய்யும் இடத்துக்கு இவ்வளவு பூட்டா அண்ணை? மாரி வரப்போகிறது. புது சென்சர் வந்தால் அன்றைக்கே ஏற்ற வேண்டும். பேக்வேர்ட் சோதனை இருக்கிறதே, பிழையான ஸ்கீமாவை அது மறிக்கும்.

குளக்கட்டான்:
மறிக்காது தம்பி. புதிய ஸ்கீமா பழைய தரவை வாசிக்குமா என்றுதான் அது பார்க்கும். 'வான்கதவு நிலை' என்ற ஃபீல்டை யாராவது நீக்கினால் சோதனை பாஸ். ஆனால் அந்த ஃபீல்டுக்கு டிஃபால்ட் (ஃபீல்ட் வராதபோது எடுக்கும் மதிப்பு) இல்லாத பழைய ஸ்கீமாவோடு ஓடும் எச்சரிக்கைச் சேவை, வருகிற முதல் செய்தியிலேயே விழும்.

ஏ9 வாசி:
அப்ப ஃபுல் ட்ரான்சிட்டிவ் போடுங்கோ, முந்தைய எல்லா ஸ்கீமாவோடும் இரு பக்கமும் பார்க்கும். அதுசரி, 36 அடி என்று வரவேண்டிய மட்டத்தை ஒருவர் மீட்டரில் அனுப்பினால் உங்கள் பூட்டு என்ன செய்யும்? இரண்டும் டபுள் என்ற தசம எண் வகைதான்.

குளக்கட்டான்:
ஒன்றும் செய்யாது. ஸ்கீமா சிஐ வழியாக வந்தால் அலகு எழுதியிருக்கிறதா என்று இன்னொருவராவது பார்ப்பார். சோதனை விதியை மாற்றும் உரிமையும் எல்லாரிடமும் இருக்கும்போது ஃபுல் போட்டு என்ன? அவசரத்தில் ஒருவர் 'நன்' (சோதனையே இல்லை) ஆக்கிவிட்டுப் போவார்.

உப்புக்காற்று (முல்லைத்தீவு):
சப்ஜெக்ட் (ஸ்கீமா பதியப்படும் பெயர்) வாரியாக உரிமை பிரிக்கும் ஏசிஎல் பட்டியல், ரெஜிஸ்ட்ரியைத் தயாரிக்கும் கன்ஃப்ளூயன்டின் கட்டணப் பதிப்பில்தான் வரும். இலவசப் பதிப்பென்றால் முன்னுக்குக் கோரிக்கைகளை வடிகட்ட என்ஜின்எக்ஸ் சர்வரை வைக்க வேண்டும். அங்கே போஸ்ட் வகைக் கோரிக்கைகளை மொத்தமாக அடைத்துவிடாதீர்கள், புரொடியூசர் நின்றுவிடும்! ஆட்டோ ரெஜிஸ்டரை நிறுத்தினாலும் ஸ்கீமாவின் ஐடியைத் தேடுவது சப்ஜெக்ட் முகவரிக்குப் போகும் போஸ்ட்தான். பதிவுதான் சப்ஜெக்ட் பெயருக்குப் பின் 'வெர்ஷன்ஸ்' வரும் முகவரிக்குப் போகும். அதையும், விதியை மாற்றும் புட், ஸ்கீமாவை அழிக்கும் டிலீட் இரண்டையும் அடையுங்கள். ரெஜிஸ்ட்ரியின் 8081 போர்ட்டை நேரே திறந்து வைத்தால் இதெல்லாம் வீண். ரெஜிஸ்ட்ரி ஸ்கீமாக்களைச் சேமிக்கும் காஃப்கா டாபிக்கையும் பூட்டுங்கள். அதில் எழுத முடிந்தவருக்கு ரெஜிஸ்ட்ரியின் தயவு தேவையில்லை.

ஏ9 வாசி:
சரி, புட்டும் டிலீட்டும் அடைக்கலாம். பதிவை மட்டும் மாரி முடியும்வரை எங்களிடம் விடுங்கோ.

குளக்கட்டான்:
மாரியில்தானே தம்பி அந்தத் தரவுக்கே வேலை. விடமாட்டேன்.