லேபர் எஃபிஷியன்சி 60-ஆ 68-ஆ, எந்தக் கணக்குங்க சரி?

பனியன்_கணக்கு:
வணக்கம்ங்க, திருப்பூர்ல ஒரு கார்மெண்ட்ஸ்ல அக்கவுண்ட்ஸ் பாக்குறேன். லைன் வாரியா லேபர் எஃபிஷியன்சி வேணும்னு முதலாளி கேக்குறாரு. நேத்து ஒரு லைன்ல 25 டெய்லர், 8 மணி நேரம், மொத்தம் 200 மணி. 900 டீ-சர்ட் இறங்குச்சு, பீஸுக்கு சாம் (SAM, ஒரு பீஸ் தைக்க ஒதுக்குன நேரம்) 8 நிமிஷம், அப்ப 7200 நிமிஷம், அதாவது 120 மணி வேலை. 120-ஐ 200-ஆல வகுத்தா 60%. புரொடக்ஷன் மேனேஜர் ஒத்துக்க மாட்டேங்கிறாரு, கட்டிங்ல இருந்து பீஸ் வராம லைன் 1 மணி நேரம் நின்னுச்சு, அதைக் கழிச்சுட்டு போடுங்கன்றாரு. ஆனா சம்பளம் 200 மணிக்கும் குடுத்தாச்சே?

காஸ்ட்ஷீட்:
ரெண்டு கணக்கும் சரிதாங்க, ரெண்டும் வேற வேற ரேஷியோ, அவ்வளவுதான். லைன் நின்ன 25 மணி (25 பேருக்கு ஆளுக்கு 1 மணி) போக உண்மையில தைச்சது 175 மணி, 120-ஐ 175-ஆல வகுத்தா 68.57%, இதுதான் எஃபிஷியன்சி ரேஷியோ. பட்ஜெட்ல வெச்சது 200 மணின்னா 175-ஐ 200-ஆல வகுத்தா 87.5%, இது கெப்பாசிட்டி ரேஷியோ. ரெண்டையும் பெருக்கிப் பாருங்க, உங்க 60% அப்படியே வரும், அது ஆக்டிவிட்டி ரேஷியோ. மூணையும் ரிப்போர்ட்ல போடுங்க, 60-ஐ மட்டும் காட்டுனீங்கன்னா கட்டிங்ல ஆன லேட்டுக்கு டெய்லருங்க திட்டு வாங்குவாங்க, அது நியாயமே இல்ல. ரூபாய்லயும் பிரிச்சுடலாம், உதாரணத்துக்கு மணிக்கு 60 ரூபாய்னு வெச்சுக்கிட்டா நின்ன நேரத்துக்கு 1500, மெதுவா ஓடுனதுக்கு 175-ல 120 போக 55 மணி x 60 = 3300, மொத்தம் 4800 நஷ்டம்.

பவர்டேபிள்:
நான் ஐஈ (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) டிபார்ட்மெண்ட். வகுக்கறதுக்கு முன்னாடி அந்த 900 என்னன்னு கேளுங்க. செக்கிங்ல பாஸ் ஆனதா, இல்ல ஆல்ட்ரேஷனுக்குத் திரும்பி வந்ததும் சேர்த்தா? ஒரே பீஸை ரெண்டு தடவை எண்ணிட்டா நம்பர் ஏறிடும். அடுத்து சாம்ல ஹெல்பர் வேலை சேர்ந்திருக்கான்னு பாருங்க. சேர்ந்திருந்தா ஹெல்பரோட நேரமும் வகுக்கற மணில வரணும், சேரலைன்னா டெய்லர் நேரம் மட்டும்தான், இங்கதான் பாதி கம்பெனில குழப்பமே. அப்புறம் புது ஸ்டைல் ஏத்துன முதல் ரெண்டு மூணு நாள் எப்படியும் கம்மியாத்தான் வரும், கை பழகணும்ல, அதை ரன்னிங் ஸ்டைல் ஓடுற லைன்கூட ஒப்பிட்டு சூப்பர்வைசரைப் புடிக்காதீங்க.

பனியன்_கணக்கு:
ரொம்ப நன்றிங்க, இப்ப மேனேஜர்கிட்ட தெளிவா பேசலாம். இன்னொண்ணு, ஷிப்மெண்ட் அவசரம்னு 2 மணி நேரம் ஓடி (OT, ஓவர்டைம்) ஓட்டுனா எப்படிப் போடறது? ரெட்டைச் சம்பளம் வேற போகுதே.

காஸ்ட்ஷீட்:
நேரத்தையும் காசையும் கலக்காதீங்க. ஓடி 50 மணியும் வேலை செஞ்ச மணில சேரும், அன்னிக்கு லைன் நிக்காம ஓடுச்சுன்னா 250-ஐ 200-ஆல வகுத்தா கெப்பாசிட்டி 125%, அது 100-ஐ தாண்டறது தப்பே இல்ல. ஓடிக்கு சட்டப்படி குடுக்கற அந்த ரெட்டிப்புல கூடுதலா போற பாதி எஃபிஷியன்சிக்குள்ள வரவே கூடாது. பையர் அவசரப்படுத்தி ஓட்டுனதுன்னா அந்த ஆர்டர் காஸ்ட்ல ஏத்துங்க, பொதுவா வேலை நெருக்கடின்னா ஃபேக்டரி ஓவர்ஹெட்ல போகட்டும்.

பவர்டேபிள்:
ஓடி நேரத்துக்கு எஃபிஷியன்சியைத் ரிப்போர்ட்ல தனியா ஒரு கட்டம் போட்டு வைங்க, சாயங்காலம் 6 மணிக்கு மேல கை தளரும், அதை பகல் நேரத்தோட சேர்த்து சராசரி போட்டா தெரியாமயே போயிடும்.