கவுன்சில் குடியிருப்பில் வாசற்கதவை மாற்றுவது அவசியமா?

கேள்வி:
வணக்கம். இலண்டனில் பதினான்கு மாடிக் கவுன்சில் (உள்ளூராட்சி மன்ற) குடியிருப்பொன்றில் வசிக்கிறோம். எங்கள் வாசற்கதவை மாற்றப் போவதாகக் கடிதம் வந்துள்ளது. பழைய கதவு உறுதியாகவே இருக்கிறது. பிறகு எதற்கு மாற்ற வேண்டும்?

பதில் 1:
கதவின் உறுதி வேறு, தீயைத் தாங்கும் திறன் வேறு. 2017 ஜூன் 14 அன்று 72 உயிர்களைப் பலிகொண்ட இலண்டன் அடுக்குமாடிக் குடியிருப்பான கிரென்ஃபெல் கோபுரத்தின் தீ விபத்துக்குப் பின், அங்கிருந்த வாசற்கதவு ஒன்றைக் காவல்துறை சோதித்தபோது, 30 நிமிடம் தாங்க வேண்டிய அது ஏறத்தாழ 15 நிமிடமே தாங்கியது. தகுதியான கதவின் விளிம்பில் பதித்திருக்கும் பட்டை வெப்பத்தில் உப்பி இடைவெளியை அடைத்துவிடுவதால், வீட்டுக்குள் பற்றிய தீயும் புகையும் எல்லோரும் இறங்க வேண்டிய படிக்கட்டை எட்டத் தாமதமாகும்.

பதில் 2:
கதவைத் தானே மூடவைக்கும் கருவியையும் கவனியுங்கள். கிரென்ஃபெல்லில் பல கதவுகளில் அது இல்லை, அல்லது பழுதாகியிருந்தது. கதவு கனமாக இழுக்கிறதென்று என் தாயாரும் அதைக் கழற்றச் சொன்னார். கழற்றாமல், விசையைச் சரிசெய்து தரும்படி கேட்டோம். இங்கிலாந்தில் 11 மீட்டருக்கு மேல் உயர்ந்த குடியிருப்புகளில், வாசற்கதவுகளை இயன்றவரை ஆண்டுக்கொரு முறையும் பொதுவழிக் கதவுகளை மூன்று மாதத்துக்கொரு முறையும் சோதிக்க வேண்டும் என்பது 2023 ஜனவரி முதல் நடப்பிலுள்ள விதி.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கதவு மாற்றும் நாளைக் குறித்துக்கொடுத்துவிட்டேன்.