புதுப்பிப்பு: கோத்தகிரியில் இருக்கும் பிள்ளைக்கு இடம் கிடைத்துவிட்டது

மலையகத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில், இங்கே இலங்கையின் ஹட்டனிலிருந்து நீலகிரியின் கோத்தகிரிக்குப் போன பெரியப்பாவின் பேத்தி நீட் எழுதிவிட்டுக் காத்திருக்கிறாள், தமிழ்நாட்டில் மருத்துவப் படிப்புக்கு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தரும் 7.5 சதவீத ஒதுக்கீடு, அங்குள்ள 69 சதவீத சாதிவாரி இடஒதுக்கீட்டுக்கு மேலே வருமா உள்ளே வருமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். சரி, அவளுக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. நேற்று இரவு ஆணையைப் போனில் அனுப்பினாள். அம்மா கொழுந்துக் கறை போகாத விரலால் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி அவள் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கேள்விக்குப் பதில்: 7.5 தனியாகக் கூடுவதில்லை. பிற்படுத்தப்பட்டோர் 30, மிகப் பிற்படுத்தப்பட்டோர் 20, பட்டியல் சாதியினர் 18, பழங்குடியினர் 1, அப்புறம் பொதுப்பிரிவு என்று எல்லாவற்றுக்குள்ளும் அடங்கும். 6ஆம் வகுப்பு முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 2020இல் வந்த சட்டம். கட்டணத்தையும் அரசே கட்டுகிறது, அவள் வீட்டுக்கு அதுதான் பெரிய விஷயம்.

ஒரு திருத்தமும் உண்டு. இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்கு நமக்கும் மாவட்டக் கோட்டா இருக்கிறதே என்று அன்று எழுதிவிட்டேன். 40 சதவீதம் அகில இலங்கைத் தகுதி, 55 மாவட்ட சனத்தொகைப்படி, 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியாவும் பதுளையும் அதில் உண்டு. ஆனால் அது மாவட்டத்துக்கு, தேயிலைத் தோட்டத்துக்கு இல்லை. டவுனில் டியூஷன் போகும் பிள்ளையும், தன் தோட்டப் பாடசாலையில் உயர்தர உயிரியல் பிரிவே இல்லாமல் வெளியே தங்கிப் படிக்கும், லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) வளர்ந்த பிள்ளையும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். படித்த பாடசாலையைப் பார்த்துக் கொடுக்கும் அந்த 7.5 போல ஒன்று இங்கேயும் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.