அம்மாவின் பின்னலை வைரமாக்க அனுப்பலாமா?

வெள்ளவத்தைமகள்:

உறவுகளுக்கு வணக்கம். என் அம்மா சென்ற வருடம் புற்றுநோயால் காலமானார். மகரகமப் புற்றுநோய் மருத்துவமனையில் மருந்து ஏற்றத் தொடங்குவதற்கு முன்பு, "கொட்டுவதைப் பார்க்க எனக்கு மனமில்லை, நீயே வெட்டிவிடு பிள்ளை" என்று சொல்லிக் கதிரையில் அமர்ந்தார். பின்னியபடியே வெட்டினேன். அந்தப் பின்னல் என்னிடம் இருக்கிறது. முழங்கை நீளம் வரும். இரண்டு முனையிலும் கறுப்பு நூல் கட்டியிருக்கிறேன். வேர்ப்பக்கம் நாலு விரற்கடைக்கு நரை, அதற்குக் கீழே அம்மா கடைசியாகப் பூசிய சாயம். பூச்சி அரிக்காமல் இருக்கக் காய்ந்த வேப்பிலையோடு ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருக்கிறேன்.

ரொறன்ரோவில் இருக்கும் தம்பி, தலைமயிரிலிருந்து வைரம் வளர்த்துத் தரும் நிறுவனம் ஒன்றைக் கண்டுபிடித்து, பின்னலைக் கூரியரில் அனுப்பச் சொல்கிறான். ஆளுக்கொரு மோதிரம் செய்யலாம், ஆயிரக்கணக்கான டொலர் ஆனாலும் தானே கட்டுகிறேன் என்கிறான். விசாச் சிக்கலால் அவனால் அம்மாவுக்குக் கொள்ளி வைக்க வர முடியவில்லை. அதனால் மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. பெரியம்மாவோ, செத்தவரின் மயிரை வீட்டில் வைத்திருப்பதே கூடாது, அதைக் கையில் போட்டுக்கொண்டு திரிவதா என்று அழுகிறார்.

உண்மையிலேயே தலைமயிரில் வைரம் வளருமா? எவ்வளவு மயிர் வேண்டும்? ஏதோ ஒரு கல்லை அனுப்பிவிட்டு "இது உங்கள் அம்மா" என்று சொன்னால் கண்டுபிடிக்க வழி உண்டா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

இரசாயன ஆசிரியர், கொட்டாஞ்சேனை:

வளரும். தலைமயிர் கெரற்றின் என்ற புரதத்தால் ஆனது. அதன் நிறையில் ஏறத்தாழப் பாதி காபன். மீதி ஒட்சிசன், நைதரசன், ஐதரசன், கந்தகம். மயிர் கருகும்போது எழும் நாற்றத்தில் அந்தக் கந்தகத்தின் பங்கு உண்டு. வைரம் முழுக்க முழுக்கக் காபன். 1797இலேயே சிமித்சன் தெனன்ற் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி வைரத்தை எரித்து, அது காபன்தான் என்று நிறுவினார்.

சிலர் சாம்பலிலிருந்தும் வைரம் செய்கிறார்கள். ஆனால் தகனச் சாம்பலில் பெரும்பகுதி எலும்பின் கல்சியம் பொஸ்பேற்று. உடலின் காபன் ஏறக்குறைய முழுவதும் காபனீரொட்சைட்டாகப் புகையோடு போய்விடும். அந்த வகையில் உங்கள் கையிலிருப்பது நல்ல மூலப்பொருள்.

செட்டியார்தெருக்காரன்:

தங்கச்சி, நான் செட்டியார் தெருவில் கல் பார்ப்பவன். பெரும்பாலும் இரத்தினபுரி நீலக்கல்தான் என் வேலை. இப்போது ஆய்வுகூட வைரங்களும் மேசைக்கு நிறைய வருகின்றன. உங்கள் மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் விற்பவர்களே பதில் சொல்லிவிடுவார்கள்.

கல்லைச் சோதித்து அது யாருடைய தலைமயிர் என்று சொல்ல உலகில் எந்த ஆய்வுகூடத்தாலும் முடியாது. மயிரிலுள்ள மரபணு முதல் உலையிலேயே அழிந்துவிடும். எஞ்சுவது காபன் அணு. அம்மாவின் பின்னலிலிருந்து வந்த காபனும் நம் போகலச் சுரங்கத்துப் பென்சிற்கரியிலிருந்து வந்த காபனும் வைரமான பிறகு ஒன்றுதான். காபன் சமதானிகளின், அதாவது நிறையில் வேறுபடும் காபன் அணுக்களின், விகிதத்தை அளக்கலாம். அது உணவுப் பழக்கத்தின் சாயலைக் கொஞ்சம் காட்டலாம், ஆளைக் காட்டாது.

எங்களால் சொல்லக்கூடியது வேறு. மண்ணில் விளைந்த வைரமா, ஆலையில் வளர்த்ததா என்பதை உரிய கருவிகள் இருந்தால் உறுதியாகச் சொல்லலாம். கடைகளில் தொட்டுப் பார்க்கும் பேனாக் கருவி போதாது. அது வெப்பம் கடத்துவதை மட்டும் பார்க்கிறது, இரண்டுக்குமே "வைரம்" என்றுதான் ஒலிக்கும். அழுத்திச் செய்த கல்லை உருப்பெருக்கியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தால், சிலவற்றுக்குள் ஊசிமுனை அளவில் மினுங்கும் உலோகத் துணுக்கு தெரியும். அப்படிப்பட்ட கல்லை நூலில் தொங்கவிட்டு வலுவான காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனால், சில வேளை மெல்லத் திரும்பும். நானே பார்த்திருக்கிறேன். இயற்கை வைரம் பொதுவாக அப்படித் திரும்பாது.

அந்த உலோகம் எப்படி உள்ளே போகிறது என்று தெரிந்தால் முழு வேலையும் விளங்கிவிடும். முதலில் மயிரைக் காற்றுப் படாத உலையில் சுட்டுக் கரியாக்குகிறார்கள். அதை இன்னும் கடுமையாகச் சூடாக்கிப் பென்சிற்கரியாக மாற்றுகிறார்கள். பிறகு இரும்பு, நிக்கல், கோபாற்று போன்ற உலோகத்தோடும் ஒரு சிறிய வித்து வைரத்தோடும் சேர்த்து அழுத்தப் பொறிக்குள் வைக்கிறார்கள். உள்ளே வளிமண்டல அமுக்கத்தைப் போல 50,000 முதல் 60,000 மடங்கு அமுக்கம், 1,300 முதல் 1,600 பாகை செல்சியஸ் வெப்பம். உருகிய உலோகத்தில் காபன் கரைந்து, வித்தின் மேல் படலம் படலமாகப் படிந்து வளர்கிறது. அமெரிக்காவின் ஜெனரல் இலெக்ட்ரிக் நிறுவனம் 1954 டிசம்பரில் வைரம் செய்ததும் இந்த அழுத்த முறையில்தான். அந்த வித்து உங்கள் அம்மாவுடையது அல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அது மிகச் சிறியது, என்றாலும் பணம் வாங்குபவர் அதைச் சொல்ல வேண்டும்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. நைதரசன் கலந்தால் மஞ்சள், போரன் கலந்தால் நீலம். நிறமற்ற கல் வேண்டுமென்றால் நைதரசனை இழுத்துக்கொள்ளும் அலுமினியம், தைத்தேனியம் போன்றவற்றைச் சேர்க்க வேண்டும். நிறத்தில் அம்மாவின் குணம் தெரிகிறது என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் பணம் கட்டாதீர்கள். துக்கத்தில் இருப்பவரிடம் அப்படிப் பேசுவது எனக்குப் பொறுக்காது.

அளவு: ஒரு கரட் என்பது 0.2 கிராம். கணக்குப்படி ஒரு கிராம் மயிரில் இரண்டு கரட்டுக்கு மேல் காபன் உண்டு. ஆனால் சுத்திகரிக்கும்போது இழப்பு வரும், பொறிக்குள் போடும் காபன் எல்லாம் கல்லாக மாறாது, பட்டை தீட்டும்போது பருமட்டான கல்லில் ஏறத்தாழப் பாதி போய்விடும். அதனால் சில கிராம் கேட்பது நியாயம். ஒரு சாண் நீள இழை ஒன்று ஒரு மில்லிகிராம் அளவுதான் இருக்கும். ஆகவே "சில இழைகள் போதும்" என்பவர் மீதிக் காபனை வேறெங்கிருந்தோ சேர்க்கிறார் என்றுதான் பொருள். வேறு காபன் சேர்ப்பீர்களா என்று தம்பியை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். பொறியில் எங்கள் மயிர் மட்டும் தனியாகப் போகுமா, ஒவ்வொரு படியிலும் அதற்கு இலக்கம் உண்டா, நேரில் வந்து பார்க்க விடுவீர்களா என்றும் கேட்கட்டும். நீங்கள் காசு கொடுத்து வாங்கப்போவது இந்தப் பதில்களைத்தான்.

என் கருத்து: கல் செய்யுங்கள், தடுக்கமாட்டேன். பின்னலை மட்டும் அனுப்பாதீர்கள். ஒருமுறை உலைக்குள் போனால் அதைத் திருப்பித் தர எவராலும் முடியாது.

மட்டக்குளி அம்மம்மா:

பிள்ளை, பெரியம்மாவோடு கோபிக்க வேண்டாம். அவருடைய பயம் பிணத்தின் தீட்டைப் பற்றியது. உன் அம்மா உயிரோடு இருந்து, தன் வாயால் சொல்லி வெட்டுவித்த மயிர் இது. நேர்த்திக்கு முடி இறக்கிச் சுவாமிக்குக் கொடுக்கிறோம், அதை யாரும் தீட்டென்று சொல்வதில்லை. திரியாயில் கிரிகண்டு சேயா என்ற பௌத்த தூபியில் புத்தரின் கேசத்தை வைத்திருப்பதாகச் சொல்லிச் சிங்களச் சனம் இன்றும் கும்பிடுகிறது.

என் கணவரின் சாம்பலை முகத்துவாரத்தில், களனி கங்கை கடலோடு சேரும் இடத்தில் கரைத்தோம். அந்தியேட்டியும் முறைப்படி செய்தோம். உன் அம்மாவுக்கும் அதெல்லாம் முடிந்திருக்கும். கடமையை முடித்த பிறகு ஞாபகத்துக்கு ஒன்றை வைத்திருப்பதில் என்ன குற்றம்? ஆனால் ஒன்று கேட்கிறேன். தம்பி மோதிரத்துக்கு ஆசைப்படுகிறானா, கொள்ளி வைக்காத மனக்குறையை ஆற்றப் பார்க்கிறானா? அவனை ஒருமுறை இங்கே வரச் சொல். பின்னலை அவன் கையால் தொட்டுப் பார்க்கட்டும். அதன் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.

வெள்ளவத்தைமகள்:

எல்லோருக்கும் நன்றி. அம்மம்மா எழுதியதைத் தம்பிக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்தான். வருட இறுதி விடுமுறைக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். நிறுவனத்துக்குச் செட்டியார் தெரு அண்ணா சொன்ன கேள்விகளையும் அனுப்பிவிட்டான். வித்துக் கல் வெளியிலிருந்து எடுப்பதுதான் என்று உடனே ஒத்துக்கொண்டார்கள். வேறு காபன் பற்றிய கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. அண்ணா, அனுப்புவதானால் பின்னலின் எந்தப் பகுதியிலிருந்து எடுக்கலாம்? நரையா, சாயம் பூசியதா?

செட்டியார்தெருக்காரன்:

காபனுக்கு நரையும் கறுப்பும் ஒன்றுதான். ஆனாலும் சாயம் படாத வேர்ப்பக்கத்திலிருந்து எடுங்கள், அதில் அம்மாவைத் தவிர வேறொன்றும் கலக்கவில்லை. கட்டை அவிழ்க்காமல், நூலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் கத்தரியுங்கள். வீட்டுத் தராசு இந்த அளவைக் காட்டாது. பொற்கொல்லரின் தராசு வேண்டும், கடைக்கு வந்தால் நானே நிறுத்துத் தருகிறேன். காகித உறையில் போட்டு, நிறையை மேலே எழுதி, தராசோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். காபன் பற்றிய பதில் எழுத்தில் வரும் வரை உறையைத் தபாலில் சேர்க்க வேண்டாம்.