புரூப் பார்த்த பிறகும் அப்பாவுக்கு ஒன்பது வயதா, பதினொன்றா?

கடல்காகம்:
வணக்கம். அப்பா எழுதிய நினைவுக்குறிப்புகளை அவருடைய எழுபதாம் பிறந்த நாளுக்குப் புத்தகமாக்கி உறவினர்களுக்குக் கொடுக்கலாம் என்று ஆரம்பித்தேன். ராமேஸ்வரம் தீவில் வளர்ந்தவர், 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியை அழித்த புயலை நேரில் பார்த்தவர். லேஅவுட் (பக்க வடிவமைப்பு) முடிந்து 176 பக்கம் வந்தது. ஒருவரிடம் பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசிப் புரூப் பார்க்கக் கொடுத்தேன், சிவப்பு மையில் நிறையத் திருத்தி அனுப்பினார், அதையெல்லாம் லேஅவுட்டில் போட்டாச்சு. இப்போது தங்கை படித்துவிட்டுச் சிரிக்கிறாள். இரண்டாம் அத்தியாயத்தில் புயலின்போது அப்பாவுக்கு ஒன்பது வயது, ஆறாம் அத்தியாயத்தில் "பதினோரு வயதில் பார்த்த 1963 புயல்". அந்த ராத்திரிக் கதை முழுசாக இரண்டு தடவை வேறு வருகிறது. புரூப் பார்த்தவரிடம் கேட்டால், "நான் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன் சார்" என்கிறார். பணமும் கொடுத்தாச்சு. ஏமாந்துவிட்டேனா?

ஒற்றுப்பிசாசு:
அவரிடம் என்ன சொல்லிக் கொடுத்தீர்கள்? அவர் செய்த திருத்தம் இரண்டு மூன்று சொல்லுங்கள்.

கடல்காகம்:
பிடிஎஃபைக் கொடுத்து "பிழையில்லாமல் பார்த்துக் கொடுங்க" என்றேன், அவ்வளவுதான். "மண்டபத்தில் வேலைத் தேடினார்" என்று இருந்ததில் 'த்'தை எடுத்திருக்கிறார். ஔவையார் என்பதில் ஏதோ எழுத்து மாற்றியிருக்கிறார், எனக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகிறது.

ஒற்றுப்பிசாசு:
அப்படியென்றால் நல்ல ஆள்தான் கிடைத்திருக்கிறார். வேலைத் தேடினார் என்றால் முருகனுடைய வேலைத் தேடினார் என்று அர்த்தம்! இரண்டுமே சரியான தமிழ் என்பதால் எந்த மென்பொருளும் அதைப் பிடிப்பது கஷ்டம். ஔவையாரில் ஔ என்ற ஒற்றை எழுத்துக்குப் பதில் ஒ, ள என்று இரண்டாகத் தட்டியிருப்பார்கள், தேடினால் கிடைக்காது. இதுதான் புரூப். வயதுக் குழப்பம் எடிட்டிங்கில் பிடிபட வேண்டியது. ஒரே கதை இரண்டு தடவை வருவது அதற்கும் முந்தையது, அப்பாவே உட்கார்ந்து திருத்தி எழுத வேண்டியது. நீங்கள் மூன்றாவது ஆளை முதலில் கூப்பிட்டுவிட்டீர்கள்.

பழைய அச்சகத்தான்:
ஈய எழுத்துக் கோத்த காலத்தில் இந்தச் சந்தேகமே யாருக்கும் வராது தம்பி. புரூப் என்றால் ஒருவர் கையெழுத்துப் பிரதியைச் சத்தமாக வாசிப்பார், இன்னொருவர் அச்சான தாளில் அதே இருக்கிறதா என்று பார்ப்பார், அவ்வளவுதான் வேலை. அந்தக் கட்டத்தில் நடுவில் ஒரு வார்த்தை கூட்டினால் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் அந்த வரியிலிருந்து பத்தி முடியும்வரை எழுத்தைத் தள்ளித் தள்ளிக் கோக்க வேண்டும், திட்டுவார். எழுதியவர் தப்பாக எழுதியிருந்தாலும் புரூப் பார்ப்பவர் கை வைக்க மாட்டார், ஓரத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டுப் போவார்.

பின்னட்டை:
இதெல்லாம் பேச்சுக்குச் சரி. நம் ஊரில் புரூப்புக்குப் பேசிய கூலியில் எடிட்டிங்கும் சேர்த்து எதிர்பார்ப்பதுதான் வழக்கம், செய்தும் கொடுக்கிறார்கள். ஆனால் அதை முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். இனி உங்களுக்குப் பெரிய தலைவலி ஃபைல்தான். புரூப் திருத்தமெல்லாம் லேஅவுட்டில் இருக்கிறது, உங்கள் வேர்ட் ஃபைலில் பழைய பிழைகள் அப்படியே இருக்கும். அதில் திருத்தி எழுத ஆரம்பித்தால் கொடுத்த காசு வீண். லேஅவுட்காரரிடம் சொல்லி உரையை மட்டும் வெளியே எடுத்து வாங்குங்கள். அவர் யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் வேலை செய்திருந்தால் மாற்றும்போது சில எழுத்து உடையும், துணைக்காலையும் 'ர'வையும் கவனியுங்கள். அப்புறம் 176 என்பது சரியாகப் பதினொரு ஃபாரம், அதாவது ஒரே தாளில் சேர்த்து அச்சிடும் பதினாறு பக்கம் ஒரு ஃபாரம். ஒரு பக்கம் கூடினாலும் அச்சகத்தில் கணக்கு மாறும், அதனால் வெட்டுவது, சேர்ப்பது எல்லாம் முடிந்த பிறகு மறுபடி லேஅவுட் போங்கள். பொருளடக்கத்துப் பக்க எண்ணைக் கடைசியில் போட்டால் போதும்.

கடல்காகம்:
மறுபடியும் புரூப் பார்க்க வேண்டுமா?

ஒற்றுப்பிசாசு:
கட்டாயம். திருத்தி எழுதினால் புதுப்பிழை வராமல் இருக்காது. ஆனால் எடிட் செய்தவரே பார்க்க வேண்டாம், அவர் கண்ணுக்கு எல்லாம் பழகிப்போயிருக்கும்.

கடல்காகம்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஆறாம் அத்தியாயத்துப் புயலை எடுத்துவிடலாம் என்று அப்பாவிடம் சொன்னேன், ஒரேயடியாக மறுத்துவிட்டார். பேசிப் பார்த்ததில்தான் புரிந்தது, முதலில் வருவது அவர் பார்த்தது, இரண்டாவது பாட்டி பின்னாளில் சொல்லிச் சொல்லி அவர் மனதில் நின்றது. அந்த வித்தியாசம் எழுத்தில் எங்கேயும் இல்லை. இப்போது ஆறாம் அத்தியாயத்தைப் பாட்டி வாயால் சொல்வதுபோலப் புதிதாக எழுதுகிறார். அப்பா பிறந்தது 1955, அதனால் ஒன்பது வயதுதான் சரி. எடிட்டிங்குக்குத் தங்கையையே உட்காரவைத்துவிட்டேன், பக்கத்துக்கு நாலு கேள்வி கேட்டு அப்பாவைப் படுத்துகிறாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அச்சகத்தான் ஐயா எழுதியதைப் படித்துவிட்டுப் பழைய புரூப் தாள்களை எடுத்துப் புரட்டினேன். 1963 என்ற இடத்தில் ஓரத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி இருக்கிறது. நான்தான் ஏதோ அச்சுக்குறி என்று விட்டுவிட்டேன். புரூப் பார்த்தவருக்கு போன் செய்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, அடுத்த புரூப்பையும் நீங்களே பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.